தலைச்சனுக்குத் தொட்டில் கட்டாத ஊர்

1

நாங்கள் இருப்பதும் மலைதான். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம். விடிந்தால் பனி; பனி விலகினால் பச்சை; பச்சைக்கு நடுவில் கூடையோடு நாங்கள். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் எங்களை ஏதோ சீமையில் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். லயம் என்கிற வரிசை வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்பு, இரண்டு பிள்ளைகள், ஒரு வீட்டுக்காரர், நான். கொல்லிமலை வாழவந்தி நாட்டுப் பாவாயி. நான்காம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்கோக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன மார்கழியில் குடியுரிமைத் தாளுக்காகக் கீழே பட்டணத்துப் பதிவு ஆபீஸுக்குப் போனேன். மூன்றாம் முறை. முதல் முறை போட்டோவில் காது தெரியவில்லை என்றார்கள். இரண்டாம் முறை கப்பல் சீட்டின் நகல் கேட்டார்கள். மூன்றாம் முறை எல்லாம் இருந்தது. ஈப்போவில் பிறந்த தமிழ்க் கிராணி ஒருவர் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார். என் மூத்த மகள் செல்வி, எட்டு வயது, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ளை எத்தனை?”

“ரெண்டுங்க.”

“ரெண்டு கட்டம் இருக்கும்மா. பெத்தது எத்தனை, இருக்கிறது எத்தனை?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“பெத்தது மூணுங்க.”

செல்வி முந்தானையை விட்டாள்.

“மொதப் பிள்ளை பேரு?”

“பேரு வைக்கலீங்க.”

“பேரில்லாம என்னத்த எழுத?” அவர் என் முகத்தைப் பார்க்காமல் அந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேரான கோடு.

லாரியில் மேலே ஏறி வரும்போது செல்வி கேட்டாள். “யாரும்மா அந்த மூணாவது?”

“மூணாவது இல்ல கண்ணு. மொதல்லது.”

இந்தப் பக்கத்து வளைவுகளில் லாரி சாயும்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வேன். அன்றும் மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் அவள் மலாயில் சொன்னாள்: “அம்மா பெனாக்குட்.” அம்மா பயந்தாங்கொள்ளியாம். பக்கத்து லயத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்களுக்குத் தமிழைவிட அந்தப் பாஷை சுலபமாக வருகிறது. சண்டை போடுவதும் கேலி பேசுவதும் அதில்தான்.

பயந்தாங்கொள்ளிதான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். பிள்ளைகள் தும்மினால் தோட்டத்து மருந்துக்காரர் டிரஸ்ஸர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவள். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரே ஒரு முறை, பயப்பட வேண்டிய நேரத்தில், எல்லாரும் சொன்னார்களே என்று தைரியமாக இருந்தேன். அந்தத் தைரியத்தின் பேரில்தான் அந்தக் கோடு விழுந்தது.

2

கல்யாணம் ஆன கையோடு நான் இங்கே வந்துவிட்டேன். என் பிறந்த வீடு மலைமேல். வீட்டுக்காரர் அடிவாரத்துக்காரர், சேந்தமங்கலம் பக்கம். மூன்று வருஷம் கழித்துத்தான் வயிற்றில் தங்கியது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். அதில் பேச்சே கிடையாது. பினாங்கில் கப்பல் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாய் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து பாதி நடந்தும் பாதி டோலியிலுமாக மேலே போனேன். எனக்கு ஆறாம் மாதம்.

புறப்படும் முன் தோட்டத்து டிரஸ்ஸர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். இன்றைக்கும் அவர்தான் எங்களுக்கு டாக்டர் மாதிரி. ஒரு சின்னச் சீசாவில் மாத்திரைகள் கொடுத்தார்.

“வாரத்துக்கு ஒண்டு போடும், பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு. மறக்கப்படாது.”

“கொயினாவா சாமி? அது கருவைக் கலைச்சுப்போடும்னு சொல்லுவாங்களே.”

“இது கொயினா இல்லை. உம்மட மலையிலை காய்ச்சல் இருக்கெல்லே. அதுக்கு.”

நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அவருக்கு எங்கள் ஊர் தெரியாது. மலைக்காய்ச்சல் மலையில் பிறந்தவர்களைத் தொடாது. கீழ்நாட்டாரைத்தான் பிடிக்கும். சந்தைக்கு மேலே வருகிற வியாபாரிகள் பொழுது சாய்வதற்குள் இறங்கி ஓடுவார்கள். எங்களிடம் பெண் எடுத்த அடிவாரத்து மாப்பிள்ளைகள் மாமனார் வீட்டில் ஒரு நாளுக்கு மேல் தங்க மாட்டார்கள். அதை வைத்து எங்களுக்கு ஒரு பெருமையே உண்டு. எங்கள் ரத்தம் அப்படி என்று.

வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போக வந்தவர், அறுப்புக்கு உதவியாக ஒரு மாதம் தங்கினார். இரண்டாம் நாளே கை கால் எல்லாம் தடிப்பு.

“உங்க ஊட்டுக் கொசு, மாப்பிள்ளை வந்துட்டாருன்னு குடும்பத்தோட விருந்துக்கு வருது புள்ளே” என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்காக இல்லை, அவருக்காக. அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து வாராவாரம் என் மாத்திரையை அவருக்கே கொடுத்தேன். பிறகு அவர் இறங்கிப் போகும்போது சீசாவையே துணியில் சுற்றிக் கையில் கொடுத்தேன்.

“உனக்கு?”

“எனக்கு எதுக்குங்க? நான் இங்க பொறந்தவ.”

அம்மா வாசலில் இருந்து சிரித்தாள். “மலைக்காரிக்கு மலைக்காத்து ஆவாதாக்கும்? நீங்க பத்திரமா போயிட்டு வாங்க மாப்பிள்ளை.”

அவருக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்தேன் என்று கடிதம் போட்டார்.

3

எனக்கு எட்டாம் மாதத்தில் ஆரம்பித்தது. பெரிய காய்ச்சல் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் குளிரும். மறுநாள் ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடி. அம்மா கஷாயம் வைத்தாள். கர்ப்பச் சூடு என்றாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்த அத்தை, “வெள்ளைத் துணியாட்டம் இருக்குதே” என்றாள். கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடந்தால் மூச்சு வாங்கியது. வயிறு எட்டாம் மாதத்து வயிறாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. கேட்டேன்.

“எனக்கும் தலைச்சனுக்கு இப்படித்தான் இருந்துது, கண்ணு” என்றாள் அம்மா.

அந்த வார்த்தையில் நான் ஆறுதல் அடைந்தேன். அந்த வார்த்தைதான் என்னை எழுப்பி உட்கார வைத்திருக்க வேண்டும். நான் அம்மாவின் தலைச்சன் இல்லையே. எனக்கு முன்னால் ஒன்று பிறந்து போனது ஊருக்கே தெரியும்.

நாள் நிறையாமல் பிறந்தான். ஆண். என் இரண்டு உள்ளங்கையும் சேர்த்தால் அவனுக்கு இடம் மிச்சம் இருந்தது. அழுகை பூனைக்குட்டி மாதிரி. முறத்தில் பழைய சேலையை மடித்து விரித்து அதில் போட்டார்கள். எங்கள் ஊரில் தலைச்சனுக்குத் தொட்டில் கட்டுவதில்லை. மூன்று மாதம் வரை பேரும் வைப்பதில்லை. யாராவது பார்க்க வந்தால் “என்ன குழந்தை?” என்று கேட்க மாட்டார்கள். “தாய் எப்படி இருக்குது?” என்றுதான் கேட்பார்கள். இரண்டாம் பிள்ளைக்குத் தொட்டில், பேர், பலகாரம் எல்லாம் உண்டு. தலைச்சனுக்குச் செய்தால் சாமி கண் வைக்கும் என்பார்கள்.

ஒன்பது நாள் இருந்தான்.

அன்றைக்கு அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: “தலைச்சன் சாமிக்குடி. அடுத்தது உனக்கு.”

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை. ஒரு பிள்ளை செத்துப்போய் ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

4

திரும்பி வந்ததும் டிரஸ்ஸர் கேட்ட முதல் கேள்வி: “மாத்திரை எல்லாம் போட்டனீரோ?”

சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை, அவர் முன்னால் நாங்கள் உட்கார்ந்து பழக்கமில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

“மலையில பொறந்தவளுக்கு எப்படி சாமி வந்துது?”

“நீர் சொல்லுறது முழுப் பொய் இல்லை. சின்னனிலை இருந்து காய்ச்சல் கண்டு கண்டு உடம்பு ஒரு காவல் போட்டு வைச்சிருக்கும். அங்கேயே இருக்கிற மட்டும் அந்தக் காவல் நிக்கும். நீர் மூண்டு வருஷம் இஞ்சை குளிருக்குள்ளை இருந்திட்டீர். காவல்காரன் சம்பளம் இல்லாமல் போயிட்டான்.”

“ஊரை விட்டே போகாத பொம்பளைங்களுக்கும் தலைச்சன் நிக்கலியே சாமி.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அது வேறை. முதல் பிள்ளை வயித்திலை இருக்கேக்கை, அங்கேயே இருக்கிற பெண்டுகளுக்கும் அந்தக் காவல் தளரும். கிருமி போய் நஞ்சுக்கொடியிலை ஒளிச்சிருக்கும். தாய்க்குக் காய்ச்சல்கூடப் பெரிசாத் தெரியாது. ரத்தம் வத்தும். பிள்ளைக்குப் போற சாப்பாட்டை அது மறிக்கும். ரெண்டாம், மூண்டாம் பிள்ளைக்கு உடம்பு அதையும் படிச்சுப்போடும். ஏன் எண்டு பெரிய டாக்குத்தர்மாருக்கே இன்னும் முழுக்கத் தெரியாது.”

உடம்பு படித்துக்கொள்ளுமாம். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். என் உடம்பு ஒரு பாடம் படிப்பதற்கு என் பிள்ளையை எடுத்துக்கொண்டது.

அன்று முழுக்கக் கொழுந்து பறித்துக்கொண்டே ஊரில் போன பிள்ளைகளை எண்ணினேன். வெள்ளையம்மாவின் தலைச்சன். அவள் ஓரகத்தியின் தலைச்சன். மேலவளவில் சடைச்சிக்கு ஆறு பிள்ளைகள், எல்லாம் கல்லு மாதிரி. ஆனால் அவளுக்கும் முதலில் ஒன்று முறத்தில் கிடந்தது. என் அத்தை. என் அம்மா. எல்லார் தலைச்சனும் போகவில்லை. தங்கியவையும் உண்டு, சோனியாய். ஆனால் போனவை எல்லாம் தலைச்சன்கள். சாமிக்கு ஏன் முதல் பிள்ளைதான் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. சாமி கேட்கவே இல்லை. சாமியின் பேரில் கொசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் அதற்கு ஒரு முறத்தையும் ஒரு பழஞ்சேலையையும் தயாராக வைத்து, அதைச் சம்பிரதாயம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

செல்வியும் அவள் தம்பியும் இங்கேயே பிறந்தார்கள். இரண்டு பேருக்கும் பிறந்த அன்றே தொட்டில் கட்டினேன். அம்மாவுக்கு எழுதவில்லை.

5

பதிவு ஆபீஸுக்குப் போய் வந்த வாரம், அம்மாவின் கடிதம் வந்தது. செம்மேட்டுச் சந்தையில் எழுதிக் கொடுக்கிறவர் எழுதியது.

என் தங்கை காவேரிக்கு ஏழாம் மாதம் ஆகப்போகிறது. தலைச்சன். காவேரி சேலத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளைக்கு லாரிப் பட்டறையில் வேலை. மலையை விட்டு இறங்கி நாலு வருஷம். தை பிறந்ததும் வளைகாப்புப் போட்டு மேலே கூட்டி வரப்போகிறோம் என்று எழுதியிருந்தது. பிறகு இது வந்தது:

“இப்போது முன் மாதிரி இல்லை. சர்க்கார் ஆட்கள் முதுகில் டப்பா கட்டி வந்து கொசுவுக்கு மருந்து அடித்துக் கதவில் நம்பர் எழுதிப் போனார்கள். சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாய் ஒரே நாற்றம். பிள்ளைத்தாய்ச்சி வருகிற வீடாயிற்றே என்று நானே செம்மண் கரைத்து மூன்று நாள் பூசி மெழுகி, ஒரு புள்ளி தெரியாமல் அழகாக்கி வைத்திருக்கிறேன்.”

இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். வீட்டுக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன புள்ளே, மூஞ்சி இப்படிப் போவுது? அதான் மருந்தடிச்சுட்டாங்கன்னு எழுதியிருக்குதில்ல?”

“அடிச்சதை மெழுகிட்டாங்க.”

“ஆமா, மெழுகாம?”

“கொசு கடிச்சுட்டுப் போயிச் சொவத்துலதானுங்க உக்காரும். அந்த வெள்ளையில உக்காந்தாத்தான் சாகும். டிரஸ்ஸர் சொல்லலியா? இப்ப அது வெறுஞ் சொவரு.”

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று நாள் முதுகு வலிக்கக் குனிந்து, தன் மகளுக்காக, அந்த வீட்டில் இருந்த ஒரே காவலை அம்மா தன் கையாலேயே மூடியிருக்கிறாள். அன்பில்தான் செய்தாள். என்னுடைய மாத்திரைச் சீசாவும் அன்பில்தான் கை மாறியது. எங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவு வந்ததே இல்லை.

கடிதம் போய்ச் சேர வாரங்கள் ஆகும். அதற்குள் வளைகாப்பு முடிந்து அவள் மலை ஏறிவிடுவாள். மாத்திரை அனுப்பலாம் என்று தபாலாபீஸில் கேட்டால், மருந்துப் பார்சலுக்குத் தனித் தாள், டாக்டர் கையெழுத்து, அந்தப் பக்கத்துச் சுங்கத்தின் அனுமதி என்றார்கள். சரி, காவேரி வீட்டுச் சேலத்து விலாசத்துக்குத் தந்தி.

தந்தி ஜன்னலில் இருந்தவர் சீனர். என் முகத்தைப் பார்த்தவுடன் குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டார், யார் செத்தது என்று.

எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் சொன்னேன்: “யாரும் சாகவில்லை. அதனால்தான் வந்தேன்.”

அவருக்குப் புரியவில்லை. தாளில் ‘மரணம்’, ‘நோய்’ என்று இரண்டில் ஒன்றைக் குறித்தால் சீக்கிரம் போகும் என்றார். இரண்டும் இல்லை என்றேன். இரண்டும் இல்லாவிட்டால் என்ன அவசரம் என்றார். டிரஸ்ஸர் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்த துண்டுத்தாளை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார். “காவேரியை மலைக்கு அனுப்பாதீர். கடிதம் பின்னால்.” அவ்வளவுதான் அதில் இருந்தது.

அதற்குப் பின்னால் காவேரிக்குக் கடிதம் எழுதினேன். டிரஸ்ஸர் சொன்ன எல்லாவற்றையும், மாத்திரைச் சீசா விஷயத்தையும், மெழுகிய சுவரையும். சேலத்தில் கொசு இல்லை என்று நான் எழுதவில்லை. சேலத்தில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, ரத்தம் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், மறுக்காமல் போடு என்று எழுதினேன். கடைசியில் ஒரு வரி: “அம்மாவிடம் இரண்டு கேள்வி கேள். பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை.”

பிறகு நாற்பது நாட்கள் என்னிடம் யாரும் பேச முடியவில்லை. கூடையில் கொழுந்துக்குப் பதில் முற்றிலையைப் போட்டுத் வேலை மேற்பார்க்கிற தண்டலிடம் ஏச்சு வாங்கினேன்.

6

காவேரி எட்டாம் வகுப்புப் படித்தவள். அவளே எழுதுவாள். அவள் எழுத்தில் எனக்கு அந்த வீடு முழுக்கக் கேட்கும்.

தந்தி வந்தது வளைகாப்பு அன்றைக்கேதானாம். தந்திக்காரனைப் பார்த்ததும் அவள் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாராம், என் பேரைச் சொல்லி. “மலாயாவுல மகராசியா இருந்தியே பாவாயி” என்று இரண்டு அடி பாடிய பிறகுதான் மாப்பிள்ளை பட்டறை முதலாளியிடம் போய்ப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். செத்தது நான் இல்லை என்று தெரிந்ததும் மாமியாருக்குக் கோபம்.

“நல்ல நாளும் அதுவுமா, சாவாதவ எதுக்குத் தந்தி குடுக்கறா?”

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள் நின்றபடியே சொன்னாளாம்: “குளிர்ல அவளுக்கு மூளை மரத்துப்போச்சுங்க சம்பந்தி. சின்னதுல இருந்தே அப்படித்தான். எலை அசைஞ்சாப் பயப்படுவா. நீங்க வளையலைப் போடுங்க. நாளைக்குக் கெளம்பறோம்.”

“அக்கா கடுதாசி வரட்டும்” என்றிருக்கிறாள் காவேரி.

“வந்தா மேல அனுப்பிவெக்கச் சொல்லு.”

“நான் இங்க இருந்து படிச்சுட்டு வாரேன்.”

“ஏண்டி, தலைப்பிரசவத்தைப் புருசன் ஊட்டுல பாத்தா ஊரு என்னைக் காறித் துப்பாதா? பெத்தவளுக்குச் சோறு போட வக்கில்லைன்னு பேசுவாங்க.”

“பேசட்டும்மா. கடுதாசி வரட்டும்.”

கையில் வளையல் குலுங்க அவள் கட்டிலை விட்டு எழவில்லையாம். கொண்டு வந்த கட்டுச்சோற்றைக்கூடத் தொடாமல் அம்மா மலைக்குத் திரும்பிவிட்டாள்.

கடிதம் போய்ச் சேர்ந்தபோது அம்மா இரண்டாம் தடவை வந்திருந்தாள், அடிவாரத்தில் டோலிக்கு ஆள் சொல்லிவிட்டு. காவேரி எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். சுவர் விஷயம் வந்ததும் அம்மா, “நான் மெழுகுனது குத்தமாப் போச்சா?” என்று எழுந்துவிட்டாளாம். காவேரி நிறுத்தவில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

“உனக்கு எத்தனை புள்ளைம்மா?”

“இதென்ன கேள்வி? அஞ்சு.”

“பெத்தது?”

எழுந்த அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாளாம். “அது பொட்டப் புள்ளை. கண்ணு உன்னாட்டமே இருந்துது” என்று மட்டும் சொல்லிவிட்டு, டோலி வேண்டாமென்று சொல்லியனுப்பும்படி மாப்பிள்ளையிடம் சைகை காட்டினாளாம். எனக்கும் மூத்தவள் ஒருத்தி. அவள் ஆணா பெண்ணா என்பதே இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. எங்கள் ஊரில் கேட்க மாட்டோம் என்று சொன்னேனே.

அடுத்த வாரம் அம்மா மறுபடி சேலத்தில் வந்து இறங்கினாள். சாமை ஒரு மூட்டை, தேன் ஒரு சீசா, காயம், மிளகு, தன் சொந்தச் சட்டி பானை எல்லாவற்றோடும். சம்பந்தி வீட்டு வாசலில் மூட்டையைப் போட்டுவிட்டுச் சொன்னாளாம்:

“தாய் ஊட்டுலதானே பொறக்கோணும்? நான் இருக்கற எடந்தான் தாய் ஊடு. தள்ளுங்க, அடுப்பு எங்க இருக்குது?”

காவேரிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், ரத்தம் குறைவு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு மாத்திரையையும் அம்மா மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாளாம். மீதி அவளுடைய அடுத்த கடிதத்தில் வந்தது: பங்குனியில் பெண் குழந்தை. நாள் நிறைந்து, அழுகை தெருக்கோடி வரை கேட்க.

பதினாறாம் நாள் காவேரி தொட்டில் கட்டினாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம். வாசலில் போய் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாளாம். ஆனால் காவேரி குளித்துவிட்டு வரும்போது கீரை வாசலில் அப்படியே கிடக்க, அம்மா தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாளாம். இவளைக் கண்டதும், “அழுவுது, வேற என்ன பண்றது?” என்று சீறினாளாம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கடிதத்தின் ஓரத்தில் அம்மா சொல்லி எழுதிய இரண்டு வரி: “நீ தந்தி கொடுத்ததற்காக நான் இறங்கி வரவில்லை. உனக்குத் திமிர் அதிகம்.”

இருக்கட்டும் அம்மா. அதிகம்தான்.

7

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். காய்ச்சல் ஒழிந்துகொண்டு வருகிறது, இவள் பத்து வருஷத்துக் கதையைப் பேசுகிறாள் என்பார்கள். ஒழியட்டும். ஒழிந்ததென்று சர்க்கார் கதவில் எழுதும் வரை, அடித்த சுவரை மெழுகாதீர்கள். பொங்கலுக்கு வீடு அழுக்காக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வெளியூரில் இருந்து தலைச்சனுக்கு மகள் வந்தால், மலையில் பிறந்தவள்தானே என்று சொல்லாதீர்கள். உடம்பு மறந்துவிடும். மாத்திரை கொடுத்தால் அவளே போடட்டும், அவள் புருஷன் போட வேண்டாம். தலைச்சனுக்குத் தொட்டில் கட்டுங்கள். சாமி கோபித்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

காவேரியின் கடிதம் வந்த மறுநாள் நான் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு சொல்லிவிட்டு, செல்வியைக் கூட்டிக்கொண்டு பதிவு ஆபீஸுக்குப் போனேன். அதே கிராணி.

“தாள் இன்னும் வரலைம்மா. ஆறு மாசம் ஆகும்.”

“அதுக்கு வரலீங்க. அதுல ஒரு கோடு போட்டிருக்கீங்க. அங்க பேர் எழுதோணும்.”

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “அது தேவையில்லம்மா. இறந்த பிள்ளைக்குப் பேர் இல்லாட்டியும் தாள் கிடைக்கும்.”

“தாளுக்காகக் கேக்கலீங்க.”

“போன தாளை மறுபடி எடுக்கணும்னா மேல கேக்கணும். பின்னால பாருங்க, எத்தனை பேர் நிக்கிறாங்க.”

“நிக்கட்டுங்க. நானும் நிக்கிறேன்.”

செல்வி முந்தானையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நகரவில்லை. அவர் ஒருவரைப் பார்த்தார், இன்னொருவரிடம் பேசினார், உள்ளே போனார். வெகுநேரம் கழித்துக் கட்டுக்குள் இருந்து என் தாளைத் தேடி எடுத்து வந்து, பேனாவைத் திறந்தார்.

“சொல்லுங்க. பேரு?”

“பெரியசாமி.”

கோட்டுக்கு மேலே எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் பேனாவை வைத்தார்.

“இருந்தது எத்தனை வருஷம்?”

“ஒம்பது நாளுங்க.”

அவர் பேனா நின்றது. தலையை நிமிர்த்தினார். “ஒம்பது நாளுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?”

“ஆமாங்க” என்றேன். “எழுதுங்க.”